அதிர்த்திக்கு அப்புறத்து அண்ணாச்சி

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று சாயங்காலமே அண்ணாச்சி தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்துவிடுவார். பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை என்று எந்த ஊர்ச் சாயாக்கடையானாலும் தீர்ப்பு ஒன்றுதான்: "இங்ஙன சேத்து பயல கெடுத்திராதயும் ஓய், அங்ஙன கொண்டு விடும்." அங்ஙன என்றால் அதிர்த்திக்கு, அதாவது மாநில எல்லைக்கு, அப்புறம். இந்தக் கேரளப் பக்கத்துப் பிள்ளைக்குத் தமிழ்நாட்டுக் கல்லூரி. அந்தப் பக்கத்துக் களியக்காவிளையிலிருந்து யோசனை கேட்டு வந்த பிள்ளைக்குத் திருவனந்தபுரம். பையன் கேட்டது டிசைன் இன்ஜினியரிங்கா, மீன்வளமா என்பதெல்லாம் அவருக்கு அவசியமில்லாத விவரம். "டிசைனா? வீட்டுக்குப் பிளான் போடுத வேலதானே? நல்ல ஸ்கோப் உண்டு" என்று அரை நிமிடத்தில் பாடத்தைத் தீர்த்துவிட்டு, மீதி ஒரு மணி நேரமும் எல்லையைப் பற்றியே பேசுவார்.

இந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் அலசிப் பார்க்கலாம். தமிழ்நாட்டுக்கு ஆள் அனுப்பும்போது அவர் சொல்லும் காரணம், "அங்ஙன சமரம் ஸ்ட்ரைக்கு ஒண்ணும் கிடையாது, போனப் பிடுங்கி வச்சிருவான், பயலு படிச்சே தீரணும்." கேரளத்துக்கு அனுப்பும்போது, "அங்ஙன கெடந்தா மனப்பாடந்தான், இங்ஙன வந்தா நாலு பேருட்ட பேசிப் பழகுவான்." தனித்தனியே கேட்டால் இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருப்பதுபோலத்தான் தோன்றும். ஆனால் ஒரே வாயிலிருந்து, ஒரே சாயங்காலத்தில், பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் இருக்கும் இரண்டு அப்பாக்களுக்கு இரண்டும் சொல்லப்படும்போது கணக்கு இடிக்கிறது. இரண்டு பக்கத்துக் கல்லூரிகளும் ஒன்றைவிட மற்றொன்று உயர்ந்ததாக இருக்க வழியில்லை. ஜூன் மாதத்தில் இஞ்சிவிளையருகே எதிரெதிரே போகும் இரண்டு பஸ்களில், ஒரே பாடத்தைப் படிக்க ஒரே அண்ணாச்சி அனுப்பிய இரண்டு பையன்கள் ஒருவரையொருவர் கடந்து போகிறார்கள் என்றால், அவர் அளந்தது கல்லூரியை அல்ல என்பது நிச்சயம். 1956 நவம்பர் 1 அன்று நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது, விளவங்கோடு சென்னை ராஜ்யத்துக்குப் போனது. அன்று போட்ட கோட்டுக்கு இவ்வளவு கல்வித் தரம் உண்டென்று கோடு போட்டவர்களுக்கே தெரிந்திருக்காது.

டிசைன் படிப்பில் இந்த யோசனை எவ்வளவு தூரம் தப்பாகிப்போகிறது என்றால், அங்கே மாநில எல்லை கிட்டத்தட்ட பொருட்டே இல்லை. சென்னை ஐஐடியில் 2006-இல் தொடங்கிய இன்ஜினியரிங் டிசைன் துறை வாகனத்தையும் மருத்துவக் கருவியையும் உருவாக்கக் கற்றுத்தரும் பொறியியல். அதற்கு ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுத வேண்டும். வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையில் 2007-இல் வந்த ஐஐஐடிடிஎம் நிறுவனத்தின் பி.டெக்.குக்கு ஜேஇஇ மெயின் போதும். மும்பை, குவாஹாட்டி, ஹைதராபாத் ஐஐடிகளின் பி.டெஸ். வேறு வகை, பொருளைப் பயன்படுத்தும் மனிதரிலிருந்து தொடங்கும் படிப்பு அது. அதற்கான யுசீட் தேர்வைக் கணக்குப் படிக்காத பிள்ளையும் எழுதலாம், ஆனால் கையால் வரையத் தெரிய வேண்டும். 1961-இல் தொடங்கிய அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்குத் தனித் தேர்வு. நமக்குப் பக்கத்தில் கொல்லம் சந்தனத்தோப்பில் கேரள அரசின் வடிவமைப்பு நிறுவனம் இருக்கிறது. இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு அண்ணாச்சி சொல்லும் தீர்ப்பில் அதற்கு இடமே கிடையாது, ரயிலில் போய் இறங்கும் தூரத்தில் இருந்தாலும் அது அதிர்த்திக்கு இப்புறம் அல்லவா. அண்ணா பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் டிசைன் என்ற பெயரில் இருப்பது எம்.இ.; பிளஸ் டூ முடித்தவன் முதலில் மெக்கானிக்கலோ வேறேதோ முடித்துவிட்டுத்தான் அதன் வாசலுக்கே போக முடியும். இதில் எது வேண்டும் என்று முடிவுசெய்ய ஒரே வழி நான்கு வருஷப் பாடத்திட்டத்தை எடுத்து வைத்துப் படிப்பது. எந்தக் கல்லூரியின் வலைத்தளத்திலும் அது இலவசமாகக் கிடைக்கிறது. கேண்டீனில் புரோட்டா எப்படி என்றுகூடச் சொல்லும் அண்ணாச்சி அதைத் திறந்து பார்த்ததில்லை. இதைவிடப் பெரிய கோளாறு, யுசீட் தேர்வு நடப்பது ஜனவரியில். விண்ணப்பம் அதற்கும் முந்தின வருஷமே முடிந்துபோகும். அண்ணாச்சி வாய் திறப்பது மே மாதம். அவர் ஆலோசனைக் காலம் தொடங்கும்போது பாதிக் கதவுகள் பூட்டிச் சாவியும் போயிருக்கும்.

பாவம், சும்மா உதவி செய்கிற மனிதரை இப்படி வறுக்கலாமா என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானதுதான். இந்த ஊர்களில் அவரை விட்டால் இரண்டு மாநிலத்துச் சங்கதியும் தெரிந்த ஆள் கிடைப்பது அரிது. இந்தப் பக்கம் மொத்த மதிப்பெண் 1200, அந்தப் பக்கம் 600. தமிழ்நாட்டில் நுழைவுத்தேர்வை எடுத்துவிட்டுக் கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது என்று 200-க்குக் கட்-ஆஃப் போடுகிறார்கள். கேரளத்தில் கீம் நுழைவுத்தேர்வும் பிளஸ் டூ மதிப்பெண்ணும் சேர்ந்து தரவரிசை. 2025-இல் கடைசி நேரத்தில் அந்தத் தரவரிசைக் கணக்கை அரசு மாற்றப்போய், உயர் நீதிமன்றம் பட்டியலையே ரத்து செய்து, மறுபடி போட வைத்தது. பிறப்பிடச் சான்று யாருக்குத் தேவை, எட்டாம் வகுப்பிலிருந்து எங்கே படித்தவனுக்குத் தேவையில்லை, எதற்கு அக்ஷயா மையம், எதற்கு இ-சேவை மையம், வில்லேஜ் ஆபீசர் எந்தக் கிழமை இருப்பார் என்பதெல்லாம் அண்ணாச்சிக்கு விரல்நுனியில். சீட்டுக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கும் ஏஜென்ட்டுகள் உலாவும் ஊரில், இவர் ஒரு சாயாவுக்கு மேல் வாங்குவதில்லை. அந்தச் சாயாவுக்கும் பாதி நாள் அவரே காசு கொடுத்துவிடுவார். சான்றிதழுக்கு வரிசையில் நிற்க வெயிலில் கூடவே வருவார். பையன் ஹாஸ்டலில் அழுகிறான் என்றால் முதல் பஸ் பிடித்துப் போய்ப் பார்ப்பதும் பெரும்பாலும் இவர்தான். காகிதம் சம்பந்தப்பட்ட மட்டில் அண்ணாச்சிக்கு நிகரில்லை என்று எழுதிக் கையெழுத்தே போட்டுத் தரலாம். படிப்பைப் பற்றி மட்டும் வாய் திறக்காமல் இருந்தால் சரி.

எல்லைக்கு அப்புறம் எல்லாமே நன்றாக இருக்கும் என்ற இந்தக் கொள்கைக்கு ஒரு விலக்கு உண்டு. கேட்டு வந்தது பெண்பிள்ளைக்கு என்றால் அதிர்த்தி உடனே அடைபட்டுப் போகிறது. "அது பெண்ணுல்லா" என்பார். அதோடு கோயம்புத்தூர், சென்னை, மும்பை எல்லாம் வரைபடத்திலிருந்து மறைந்துவிடும். சமரம், மனப்பாடம், ஸ்கோப் எதுவும் பேச்சில் வராது. சாயங்காலம் ஐந்தரை பஸ்ஸில் வீடு திரும்ப முடிகிற கல்லூரி, ஒரு பி.எஸ்சி., பின்னே ஒரு பி.எட்., அவ்வளவுதான். ஐஐடிகளில் 2018 முதல் பெண்களுக்கென்றே கூடுதல் இடம் ஒதுக்குகிறார்கள் என்று யாராவது எடுத்துச் சொன்னால், "அதெல்லாம் நமக்கு எதுக்கு மக்கா" என்று சிரிப்பார். இந்த இடத்தில் அண்ணாச்சியை ரசிக்க முடியவில்லை. நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் நாற்காலியும் சைக்கிளும் வரைந்து தள்ளுகிறவள் டிசைன் கேட்ட பையனின் தங்கை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். டிசைன் படிக்க எங்கே அனுப்பலாம் என்று அண்ணனுக்காக அண்ணாச்சியிடம் கேட்கிற அப்பா, அவளுக்காக அதே கேள்வியைக் கேட்பதில்லை. கேட்டாலும் அவருக்குக் கிடைக்கப்போவது பஸ் நேரம்தான்.