கூட்டத்தைக் கண்டால் ஆகாதவர்

பழைய டெல்லிக்கு வருகிற சுற்றுலாக்காரர்களில் ஒரு ரகம் உண்டு. ஜாமா மசூதியைப் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் போகிற வழியில் வேறு யாரும் இருக்கக் கூடாது. பின்பாக்கெட் பர்ஸ் சட்டைப் பைக்கு மாறியிருக்கும். அதன்மேல் ஒரு கை, சத்தியம் செய்கிற மாதிரி, நிரந்தரமாக. சாந்தினி சௌக் சாலையில் காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. 2021 முதல் அப்படித்தான். இவரோ வாடகைக் காரில் வந்து, மசூதி வாசலிலேயே இறக்கிவிடச் சொல்லி, தெரிந்த நாலு இந்தி வார்த்தையையும் டிரைவர் மேல் செலவழிப்பார். கடைசியில் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறியதும், மூட்டை சுமப்பவர், சமோசா விற்பவர், சரிகைக்குப் பேரம் பேசுகிற பெண்கள் எல்லோரும் தன்னைத் தாமதப்படுத்தவே வீட்டை விட்டுக் கிளம்பியதாக நம்பி உச்சுக் கொட்டுவார். தன் ரிக்‌ஷாவும் அந்த நெரிசலில் ஒன்று என்பது மட்டும் கணக்கில் வராது.

நல்ல கட்டடத்தைக் கூட்டம் கெடுத்துவிட்டது என்பது இவருடைய கட்சி. நடந்ததோ நேர்மாறு. ஷாஜகான் 1650-ல் தொடங்கி 1656-ல் முடித்த இந்த மசூதி ஒதுக்குப்புறத்தில் தனித்திருக்கக் கட்டியதல்ல. அவர் புதிதாக எழுப்பிய ஷாஜகானாபாத் நகரத்துக்குள், ஒரு மேட்டின் மேல், வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு ஊரே கூடுவதற்கென்று கட்டியது. முற்றத்தில் சுமார் 25,000 பேர் தொழலாம். அத்தனை பேர் கூடுமிடத்தில் கடை முளைக்காமல் என்ன செய்யும்? செங்கோட்டைக்கும் மசூதிக்கும் நடுவிலுள்ள வெளிக்கு வந்ததும் நம்மவர், "அப்பாடா, இப்பதான் மூச்சு விட முடியுது. அந்தக் காலத்துல ஊர் பூரா இப்படித்தான் இருந்திருக்கும்" என்பார். அந்தக் காலத்தில் அங்கே வீடுகளும் கடைவீதிகளும் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. 1857 கிளர்ச்சியை அடக்கிய பிரிட்டிஷார், கோட்டையிலிருந்து சுடுவதற்கு மறைப்பு ஏதும் இருக்கக் கூடாதென்று அவற்றை இடித்துத் தள்ளினார்கள். மசூதியையும் பறித்துக்கொண்டு 1862-ல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். நம்மவர் மெச்சுகிற காற்றோட்டம் அப்படி வந்தது.

"ஒரே நாள்தான் இருக்கு, சாயங்காலம் ரயில்" என்பார். நியாயம்தான். ஆனால் அந்த ஒரே நாளில் வெள்ளிக்கிழமை நடுப்பகலாகப் பார்த்து வந்து நின்று, தொழுகை நேரத்தில் சுற்றுலாக்காரர்களை விடமாட்டார்கள் என்பதை வாசலில்தான் தெரிந்துகொள்கிறார். ஒருவழியாக உள்ளே போனதும், வெயிலில் காய்ந்த கல்தரையில் கால்மாற்றிக் கால்மாற்றி நின்றபடி, மூன்று குவிமாடங்களும் தன் தலையும் ஒரே படத்தில் அடங்கும்வரை மனைவியைப் பின்னால் போகச் சொல்லிக்கொண்டே இருப்பார். இதற்கெல்லாம் நேரம் இருக்கிறது. கடைத்தெருவைப் பார்க்கத்தான் இல்லை. பிக்பாக்கெட் பயம் பொய்யில்லை, மூட்டுவலிக்காரர்களுக்கு நெரிசல் கஷ்டம்தான். அவர்களுக்கு மசூதி பெயரிலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது. கால் திடமாக உள்ளவர்கள் சாந்தினி சௌக் மெட்ரோவில் இறங்கி, வெள்ளி நகைக்கும் அத்தருக்கும் பேர்போன தரீபா கலான் தெரு வழியாக நடந்தே போங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். அந்த நாளை நம்மவருக்கு விட்டுவிடுங்கள்.