கோப்பு கடவாமை இயல்

ஆய்வுப் பொருள் இது. கணினியில் ஒரு சினிமா இருக்கிறது. அது டேப்லெட்டுக்குப் போக வேண்டும். கம்பி இருக்கிறது, இரு பக்கமும் அதற்குரிய துளை இருக்கிறது, இரவு ரயிலுக்கு டிக்கெட்டும் இருக்கிறது. கோப்பு மட்டும் போகவில்லை. இந்நிலையைக் ‘கடவாமை’ என்று இக்கட்டுரை வழங்கும். வைஃபை வழியாகவோ கூகுள் டிரைவ் வழியாகவோ அனுப்பிக்கொள்ளலாமே எனின், தாராளமாக அனுப்பலாம். ஆனால் அவ்வாறு அனுப்பியவர் கடவாமையை வென்றவர் ஆகார். சுற்றுவழியில் போனவர் ஆவார். அவர்க்கு இந்நூல் உரித்தன்று.

பிறர் மதம் கூறி மறுத்த பின்னரே தன் மதம் நாட்டுதல் தருக்க நூலார் வழக்கு. நம் வீடுகளில் பயில்வன நான்கு மதங்கள்.

முதலாமவர் உருவிச் செருகுவாதிகள். மிகத் தொன்மையானவர்கள், குடும்பத்துக்கு ஒருவராவது உண்டு. இவர்களை முழுதும் தள்ளுவதற்கில்லை. கம்பியைச் செருகிய கணமே கணினி எதிர்ப்பக்கத்தை நோக்கி ‘நீ யார்’ என வினவுகிறது. டேப்லெட் தன்னைச் செய்த நிறுவனத்தின் எண்ணையும் தன் மாதிரியின் எண்ணையும் சொல்கிறது. அந்த விடைக்கேற்ற டிரைவரைக் கணினி தேடுகிறது. இந்த உரையாடல் பாதியில் திக்கியிருந்தால், உருவிச் செருகுதல் அதை முதலிலிருந்து தொடங்கிவைக்கும். ஒருமுறை செய்தால் இது மருத்துவம். தொடர்ந்து செய்துகொண்டே இருந்தால் துளை தளரும் என்பதைத் தவிர வேறு பயன் இல்லை.

இரண்டாமவர் ஊதல்வாதிகள். இவர்கள் துளைக்குள் வாயால் ஊதுவார்கள். பையிலேயே கிடக்கும் டேப்லெட்டின் துளையில் பஞ்சும் தூசும் அடைவது உண்மைதான். அதனால் முள் முழுதாக உட்காராமல் போவதும் உண்மை. ஆயினும் ஊதும்போது உள்ளே போவது காற்று மட்டுமன்று, ஈரமும்தான். டேப்லெட்டை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெல்ல எடுப்பதே நெறி. ஊக்கு ஆகாது. ஊக்கைப் பரிந்துரைக்கும் ஒரு கிளைமதமும் உண்டு. அதனோடு வாதிட இக்கட்டுரைக்கு விருப்பமில்லை.

மூன்றாமவர் மறுதொடக்கவாதிகள். இரண்டு கருவிகளையும் அணைத்துப் போடு என்பது இவர்களின் ஒரே சூத்திரம். இதன் குற்றம், இது அடிக்கடி பலிப்பது. ஏன் பலித்தது என்று கேட்க யாருக்கும் தோன்றாமல் போவதால், அடுத்த மாதம் அதே கடவாமை அதே வீட்டில் மீண்டும் தோன்றுகிறது.

நான்காமவர் கடைக்காரர்கள். “கேபிள மாத்திப் பாருங்க சார்” என்பது இவர்கள் மதம். வியாபார நோக்கம் கலந்த மதம் என்று இதைப் பலர் இகழ்வர். நான்கிலும் உண்மைக்கு மிக அணுக்கமானது இதுவே. எவ்வாறெனின்,

ஏறும் மின்னும் ஏகும் தரவும்
வேறு வேறு கம்பிவழி என்ப.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், சார்ஜ் ஏறுதலைக் கண்டு கம்பி நலமென மயங்குவாரைத் தெருட்டுதல் நுதலிற்று. பழைய யுஎஸ்பி கம்பியின் தோலை உரித்தால் உள்ளே நான்கு இழைகள் இருக்கும். சிவப்பு மின்சாரத்தைக் கொண்டுவரும். கறுப்பு அதைத் திருப்பிக்கொண்டுபோகும். தரவு போவது பச்சையிலும் வெள்ளையிலும். பவர் பேங்குடனும் புளூடூத் ஸ்பீக்கருடனும் இலவசமாக வரும் கம்பிகள் பலவற்றில் பச்சையும் வெள்ளையும் இருப்பதே இல்லை. அத்தகைய கம்பியை மாட்டினால் டேப்லெட்டில் மின்னல் குறி தோன்றும், சதவீதம் ஏறும், கணினிக்கோ அப்படி ஒரு பொருள் வந்ததே தெரியாது. செருகியதும் கணினி ஓசை எழுப்புகிறதா என்பதே இதற்குச் சோதனை. ஓசை இல்லையேல் கம்பியை ஐயுறுக. ஓசை உண்டு, கோப்பு இல்லை என்றால் கம்பிமேல் குற்றமில்லை, நோய் வேறிடத்தில்.

இந்தக் கம்பியின் வரலாற்றையும் சிறிது சொல்லியாக வேண்டும். யுஎஸ்பியின் முதல் வடிவம் 1996 ஜனவரியில் வெளிவந்தது. இன்டெல், மைக்ரோசாஃப்ட், ஐபிஎம் உள்ளிட்ட ஏழு நிறுவனங்கள் கூடிச் செய்த பணி அது. இன்டெல்லில் அதற்கு முன்னின்று உழைத்தவர் இந்தியாவில் பிறந்த அஜய் பட். அக்காலத்தில் அதன் உச்ச வேகம் நொடிக்கு 12 மெகாபிட். 2000இல் வந்த இரண்டாம் வடிவம் 480 ஆக்கியது. 2008இல் வந்த மூன்றாம் வடிவம் 5,000 ஆக்கியது. எப்பக்கமும் செருகத்தக்க டைப்-சி முனை வர 2014 ஆயிற்று. அதுவரை பதினெட்டு ஆண்டுகள் உலகம் முனையைத் திருப்பித் திருப்பிச் செருகிக்கொண்டிருந்தது. இருபுறமும் செருகும்படி செய்திருந்தால் செலவு கூடியிருக்கும் என்று பட் பிற்காலத்தில் விளக்கினார். டைப்-சி வந்ததும் குழப்பம் தீர்ந்தது என்பார் உளர். முனை ஒன்றானதே தவிர உள்ளே ஓடும் வேகம் ஒன்றாகவில்லை. 2022இல் வந்த பத்தாம் தலைமுறை ஐபேடில் டைப்-சி துளை உண்டு. வேகம் அந்தப் பழைய 480தான்.

இனித் தன் மதம் நாட்டுதல். கடவாமைக்கு முதற்காரணம் டேப்லெட்டைப் பென்டிரைவ் என்று எண்ணுதல்.

அவ்வாறு எண்ணியதில் ஒருகாலத்தில் நியாயம் இருந்தது. தொடக்க கால ஆண்ட்ராய்டு கருவிகள் கம்பியில் மாட்டியதும் தம் மெமரி கார்டை அப்படியே கணினியிடம் ஒப்படைத்துவிட்டன. ஆனால் ஒரே சேமிப்பிடத்தில் இருவர் ஒரே நேரத்தில் எழுதினால் எல்லாம் நாசமாகும். ஆகவே கணினி அதைப் பிடித்திருக்கும் வரை கருவியால் தன் பாட்டையும் படத்தையும் தானே தொட முடியாது. டேப்லெட்டுக்கென்று 2011இல் வந்த ஆண்ட்ராய்டு 3.0 இந்த ஏற்பாட்டைக் கைவிட்டு, மைக்ரோசாஃப்ட் வகுத்த எம்டிபி என்னும் நெறிக்கு மாறியது. கேமராவிலிருந்து படம் எடுக்க ஏற்பட்ட பழைய நெறி ஒன்றை விரித்துச் செய்தது அது.

எம்டிபி என்பது பதிவு அலுவலக ரெக்கார்ட் ரூம் போன்றது. உள்ளே நாம் போக முடியாது. ஜன்னலில் நின்று கேட்க வேண்டும். உள்ளே இருக்கும் குமாஸ்தா பேரேட்டைப் பார்த்து எடுத்துத் தருவார். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்ற விந்தைகள் எல்லாம் விளங்கும். ஒன்றை அவர் எடுத்துக்கொண்டிருக்கும்போது இன்னொன்றைக் கேட்டால் விழிப்பார்: ஆகவே இரண்டு காப்பியை ஒரே நேரத்தில் ஓடவிடக் கூடாது. ஒவ்வொரு தாளுக்கும் தனி விண்ணப்பம் கேட்பார்: ஆகவே ஆயிரம் சிறு போட்டோக்கள் ஒரு பெரிய சினிமாவைவிட அதிக நேரம் பிடிக்கும், அவற்றை ஜிப் செய்து ஒரே கோப்பாக அனுப்புவது அறிவுடைமை. பேரேட்டில் ஏறாதது அவரைப் பொறுத்தவரை உலகில் இல்லை: சற்று முன் டேப்லெட்டில் இறங்கிய பிடிஎஃப் கணினியில் தெரியாமல் இருப்பது இதனால்தான். டேப்லெட்டை அணைத்துப் போட்டால் பேரேடு புதிதாக எழுதப்படும். மறுதொடக்கவாதிகளின் வெற்றி ரகசியம் இதுவே. பழைய போட்டோவுக்கு இன்றைய தேதியை முத்திரை குத்தி விடுவதும் அவர் பழக்கங்களுள் ஒன்று.

குமாஸ்தா ஜன்னலைத் திறக்கவே மாட்டேன் என்கிறாரே எனின், அதற்கும் காரணம் உண்டு. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6.0 முதல், கம்பி மாட்டினால் ‘சார்ஜ் மட்டும்’ என்பதே இயல்பு நிலை. ரயில் நிலையத்திலும் விமான நிலையத்திலும் கண்ட துளையில் மாட்டுகிறோம். அங்கெல்லாம் கருவி தன் உள்ளடக்கத்தை விரித்து வைக்கலாகாது என்னும் எச்சரிக்கை அது. சரியான எச்சரிக்கைதான். கோப்பு போக வேண்டுமானால் டேப்லெட்டின் பூட்டைத் திறந்து, மேலிருந்து அறிவிப்புத் திரையை இழுத்து, ‘கோப்புப் பரிமாற்றம்’ என்பதைத் தொட வேண்டும். ஐபேட் ஒருபடி மேலே போய் ‘இந்தக் கணினியை நம்பலாமா’ என்று வெளிப்படையாகவே கேட்கும். கேட்பது டேப்லெட்டின் திரை; நாம் வெறித்துப் பார்ப்பது கணினியின் திரை. டேப்லெட்டோ மேசையில் குப்புறக் கிடக்கும். கடவாமையின் பெரும்பகுதி இந்த ஓர் அடி தூரத்தில்தான் நிகழ்கிறது.

ஐபேடுக்கு இன்னொரு புறனடை. விண்டோஸ் கணினியில் அது காட்டுவது போட்டோக்களையும் வீடியோப் பதிவுகளையும் மட்டும். சினிமாவை இழுத்துப் போட அங்கே இடம் இல்லை. ஐடியூன்ஸ் வழியாகவோ, மேக் ஆனால் ஃபைண்டர் வழியாகவோ, விஎல்சி போன்ற ஒரு செயலிக்குள் அனுப்ப வேண்டும். ஆண்ட்ராய்டை மாட்டினால் மேக் ஒன்றுமே அறியாததுபோல் இருக்கும். எம்டிபி அதற்குத் தானாக வராது, தனி மென்பொருள் தேவை. ஐரோப்பாவில் வாங்கிய மடிக்கணினியில் விண்டோஸ் பெயருக்குப் பின் ‘என்’ என்னும் எழுத்து இருந்தால், அதில் மீடியா பகுதியே நீக்கப்பட்டிருக்கும்; மைக்ரோசாஃப்ட் தரும் மீடியா ஃபீச்சர் பேக்கை நிறுவாதவரை டேப்லெட் தெரியாது. வெளிநாட்டு மாப்பிள்ளை கொண்டுவந்த லேப்டாப்பில் மட்டும் வேலை செய்யவில்லை என்னும் வழக்குகளில் இதையும் பார்க்க.

தெரிகிறது, போகிறது, பாதியில் நிற்கிறது என்பது வேறு இனம். டேப்லெட்டிலுள்ள மெமரி கார்டு 32 ஜிபி அல்லது அதற்குக் குறைந்ததாயின் பெரும்பாலும் ஃபேட்32 முறையில் இருக்கும். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு புகாது, எவ்வளவு காலி இடம் இருந்தாலும். கோப்பு சிறிதாயிருந்தும் நின்றால், டெஸ்க்டாப் கணினியின் முன்பக்கத் துளையை ஐயுறுக. அது உள்ளே ஒரு வயர் வழியாக மதர்போர்டை அடைகிறது. பின்பக்கத் துளையோ போர்டிலேயே அமைந்தது. மேசைக்கடியில் தவழ்ந்து, ஒட்டடையைத் தாண்டிப் பின்பக்கத்தில் செருக வேண்டுமென்பதால் இத்தீர்வைக் கடைப்பிடிப்பார் அரியர். டிவைஸ் மேனேஜரில் டேப்லெட்டின் பெயருக்கருகே மஞ்சள் முக்கோணம் இருந்தால், அந்தப் பதிவை நீக்கிவிட்டு மறுபடி மாட்டினால் டிரைவர் புதிதாக அமரும்.

எல்லாம் சரியாயின், 4 ஜிபி படம் நொடிக்கு 30 எம்பி வேகத்தில் இரண்டேகால் நிமிடத்தில் போய்ச் சேரும். ஆட்டோ வந்து நின்று ஹாரன் அடிக்கும் நேரம் போதும். அந்த அவசரத்திலும் ‘கட்’ செய்ய வேண்டாம். காப்பி செய்து, படம் ஓடுகிறதா என்று பார்த்த பின் பழையதை அழிக்கவும். இறுதியாக, இவ்வாய்வுக்குப் பயன்பட்ட ஒரே நல்ல டேட்டா கேபிள், வெள்ளை நிறம், ஒரு முனையில் நீல டேப் சுற்றியது, சார்ஜ் போட்டுவிட்டுத் தருகிறேன் என்று எங்கள் வீட்டிலிருந்து யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள். படிப்பவர் உறவினராயின் அருள்கூர்ந்து திருப்பித் தரவும்.