சேனாதிபதிப் பேராண்டிக்குத் தாத்தா சொல்லுதது

ஏலே, இங்ஙன வா. கதவைச் சாத்திட்டு வா. ஒம் பொண்டாட்டி கீழ குக்கர் விசிலை எண்ணிக்கிட்டு நிக்கா. மூணாவது விசிலுக்குள்ள நாம பேசி முடிக்கணும்.

என் வெத்தலப் பொட்டியக் கட்டிலுக்கு அடியில தள்ளலாம்னு குனிஞ்சேன். தள்ள எடமில்ல. அங்ஙன ஏற்கெனவே ஒரு பட்டாளம் படுத்துக் கெடக்கு. எண்ணிப் பாத்தாச்சு, பதினோரு அட்டைப் பொட்டி, அம்புட்டும் ஒன் பொம்மைச் சிப்பாய். அதுல ஏழு, மேல சுத்துன கண்ணாடித்தாள்கூட பிரியாம இருக்கு. வீட்டுல நீ சொன்ன கணக்கு ‘ரெண்டே ரெண்டு’. தாத்தா வாராரு, அவருக்கு ஒரு ரூம ஒழிச்சுக் குடுப்போம்னு நீ துடிச்ச துடிப்பு இப்பத்தான் வெளங்குது. நான் விருந்தாளி இல்ல, ஒன் பொட்டிக்குக் காவக்காரன்.

மூஞ்சிய ஏன் தொங்கப் போடுத? ஒம் பாட்டிக்குத் தெரியாம நான் வாங்குன கெடாக்குட்டி எத்தனைன்னு எனக்குத்தான் தெரியும். அவளுக்கும் தெரிஞ்சுதான் இருந்துச்சு, அது வேற கதை. வாய மூடிக்கிட்டு இருக்கேன். ஆனா அதுக்குக் கூலி உண்டு. கூலி என்னன்னு கடைசில சொல்லுதேன். அதுக்கு முன்னால நாலு புத்தி சொல்லணும்.

இந்த நாட்டிங்காமுக்கு வந்து நாலு மாசம் ஆச்சு. வெளிய போனா குளிரு, உள்ள இருந்தா டிவி. அதான் ஒன் வெளையாட்டப் பாக்க உக்காந்தேன். கல்யாணம் ஆன ஆம்பள பொம்மை வச்சு வெளையாடுதானேன்னு மொதல்ல மனசு கெடந்து அடிச்சுக்கிட்டுச்சு. பெறகு நீதான் சொன்ன: எச்.ஜி. வெல்ஸ்னு ஒரு பெரிய எழுத்தாளரு, பொம்மைச் சிப்பாய்களத் தரையில அடுக்கி, பொம்மைப் பீரங்கியால சுட்டுச் சாய்ச்சு, 1913-லயே ‘லிட்டில் வார்ஸ்’னு அதுக்கு ஒரு விதிப் புஸ்தகம் போட்டாருன்னு. சரி, அறிவாளிக்கும் இந்தக் கிறுக்கு உண்டுன்னு தேறிக்கிட்டேன். பூதமும் பேயும் வந்து சேந்தது பின்னால. 1975-ல லண்டன்ல மூணு பேரு கூடித் தொடங்குன கேம்ஸ் வொர்க்‌ஷாப், 1983-ல நீ ஆடுத இந்த வார்ஹேமர எறக்குச்சு. இப்ப அதோட தலைமையிடம் இதே ஊரு. ‘எந்த ஊருல வேலை கெடைச்சிருக்கு’ன்னு அன்னைக்கு நான் கேட்டப்ப ஏன் அப்பிடிப் பல்லக் காட்டுனன்னு எனக்கு அப்பப் புரியல.

இப்ப மொதப் புத்தி. படைய வாங்கையில புலிய மட்டும் பாக்காத, ஆட்டையும் பாரு.

நம்ம ஊரு கோயில் திண்ணையில ஆடுபுலி ஆட்டத்துக்குக் கோடு கீறி வச்சிருக்கே, மறந்துட்டியா? மூணு புலி, பதினஞ்சு ஆடு. ஒரு புலிக்கு அஞ்சு ஆடுன்னு எந்தக் காலத்துலயோ எவனோ ஒரு கெழவன் வெல போட்டு வச்சிருக்கான். ஒன் புஸ்தகத்துல ஓர்க்குங்குத பச்சப் பூதத்துக்கு இத்தனை புள்ளி, ட்ரோலுங்குத மட்டிப் பூதத்துக்கு இத்தனை புள்ளின்னு போட்டு, மொத்தம் 2,000-க்குள்ள படைய முடின்னு சொல்லுதானே, அதுவும் அதே கணக்குத்தான். ஆடு புலியக் கடிக்காது. வழிய அடைச்சு நிக்கும். நின்னே கொன்னுரும்.

நீ மொதல்ல எழுதுன பட்டியல் எனக்கு ஞாபகம் இருக்கு. பறக்குத வைவர்ன் மேல ஒரு பெரிய ஓர்க்குத் தலைவன், பக்கத்துல ஒரு ராட்சசன், கூட ரெண்டு மந்திரவாதி. சாதாப்படை மூணு கூட்டமாவது வேணும்னு நீங்க ஆடுத 2000-ம் வருசத்து ஆறாம் பதிப்பு சொல்லுதுன்னு, போனாப் போகுதுன்னு மூணே மூணு. கல்யாணத்துக்கு நாதஸ்வரம் ரெண்டு ஜோடி, பந்தியில பரிமாற ஆளில்ல! எதிர்த்தாப்புல ஒன் சேக்காளி, அந்தத் தாடிக்காரன், குள்ளர் படையோட நிக்கான். மொத சுத்துலயே பீரங்கிய ஒரு தடவை வெடிச்சான். தலைவனும் போனான், வைவர்னும் போச்சு, ஒரு மாசம் வண்ணம் அடிச்ச ஒன் தூக்கமும் போச்சு. அந்த வெலைக்கு நாலு கூட்டம் கோப்ளின் குட்டிப் பூதம் வாங்கியிருந்தா, பீரங்கிக்கு எதச் சுடன்னு தெரியாமத் தலை சுத்தியிருக்கும்.

ரெண்டாவது புத்திதான் பெரிசு. எதிரிய அப்புறம் படி. ஒன் ஆளுகளோட கொணக்கேட்ட மொதல்ல படி.

நீ ஓர்க்கு, கோப்ளின் எடுத்தது எனக்குச் சந்தோசம். எல்ஃப் எடுத்திருந்தா எனக்கு ஒண்ணும் வெளங்கியிருக்காது; அம்புட்டு ஒழுங்கான ஆளுகள நான் பாத்ததே இல்ல. இந்தப் பச்சப் பயக நம்ம ஆளுக மாதிரி. ஒவ்வொரு சுத்துலயும் கூட்டத்துக்கு ஒரு பகடை உருட்டுத. ஒண்ணு விழுந்தாப் போச்சு. எதிரி முன்னால நிக்கான், இவனுக தங்களுக்குள்ள அடிச்சுக்கிட்டு நின்ன எடத்துலயே நிக்கானுக. சில நேரம் ரோசம் வந்து, சொல்லாமலே முன்னால ஓடுதானுக. எங்க தெருக் கோயில் கொடைக்கு வரி பிரிக்கையில இதைத்தான் வருசா வருசம் பாக்கேன். இவனுக கும்புடுத சாமியும் ரெண்டு, கோர்க், மோர்க். ரெண்டுல எது முரட்டுச் சாமி, எது தந்திரச் சாமின்னு கேட்டா அதுக்கும் ஒரு அடிதடி.

இதத் தெரிஞ்சுக்கிட்டு நீ என்ன பண்ணணும்? ஒரே ஒரு கூட்டத்த நம்பித் திட்டம் போடக் கூடாது. ‘இவன் எடப்பக்கம் போவான், அவன் நடுவுல இடிப்பான், அஞ்சாவது நிமிசம் கோட்ட விழும்’னு நீ தாளுல எழுதுத திட்டம், மாப்பிள்ளை வீட்டுக்காரன் நேரத்துக்கு வருவான்னு நம்பி எலை போட்ட கதை. ஒருத்தன் சண்டை போட்டு நின்னுட்டா, அடுத்தவன் அந்த வேலையப் பாக்க தோதா நிக்கணும். வீட்டுல குடிகாரச் சித்தப்பன் இருந்தா, சாவிக்கொத்த ரெண்டு பேருகிட்டக் குடுத்து வப்போம்ல, அது மாதிரி.

அந்த ட்ரோலப் பாரு. மலை மாதிரி நிக்கான், வெட்டுப்பட்ட எடம் தானா ஒட்டிக்கிடுது. ஆனா மூளை களிமண்ணு. ரெண்டு பகடை உருட்டி 4-க்குள்ள வந்தாத்தான் என்ன செய்ய வந்தோம்னு அவனுக்கு ஞாபகம் வரும். தளபதி 12 அங்குலத்துக்குள்ள நின்னா, அவன் புத்தி இவனுக்குக் கொஞ்சம் ஒட்டும். அப்ப தளபதி எங்க நிக்கணும்? வீரத்தக் காட்ட முன்னாலயா? மட்டிப் பய பக்கத்துல நிக்கணும்லே. பெரிய மனுசனா இருக்குததுன்னா அம்புட்டுத்தான்.

சங்கிலியில குண்டக் கட்டிக்கிட்டுச் சுத்துதானே ஒரு இரவுக் கோப்ளின், ஃபனாடிக், அவன் இன்னும் விசேசம். கூட்டத்துக்குள்ள ஒளிஞ்சு கெடப்பான். எதிரி 8 அங்குலத்துக்குள்ள வந்ததும் வெளிய பாய்வான். மொதல்ல நீ சொன்ன தெசையில போவான். அதுக்கப்புறம் பகடை காட்டுத தெசைதான். எதுக்க நிக்குதவனையும் அடிப்பான், திரும்பி வந்து ஒன்னையும் அடிப்பான். அவன அவுத்து விட்டுட்டு ‘இவன் என் ஆளு’ன்னு நெஞ்ச நிமித்தி நிக்காத. ரெண்டு எட்டு தள்ளி நில்லு. இதக் கொஞ்சம் ஞாபகத்துல வச்சுக்க, பின்னால ஒதவும்.

மூணாவது புத்தி: ஓடுததுக்குன்னே ஒரு கூட்டம் வச்சுக்க. ஓநாய் மேல ஏறுன கோப்ளின் ஒரு நகர்வுல 9 அங்குலம் போவான். எதிரி பாஞ்சு வந்தா நிக்காம ஓடச் சொல்லு. அவன் தொரத்தி வருவான், வந்து நடுவெளியில பப்பரப்பேன்னு நிப்பான். அப்ப பக்கவாட்டுல ஒன் ஓர்க்குக் கூட்டம் இடிக்கணும். நேருக்கு நேரா மோதுனா அவன் பின் வரிசை ஒவ்வொண்ணுக்கும் ஒரு மதிப்புன்னு மூணு வரைக்கும் ஏறுமே, வெலாவுல இடிச்சா அந்தக் கணக்கே அத்துப்போகும். வரப்புத் தகராறுல நேருல போயி மல்லுக்கட்டுனவன் செயிச்சதே கெடையாது. சர்வேயரோட பக்கவாட்டுல வந்தவன்தான் செயிச்சான்.

தகராறுன்னதும் ஞாபகம் வருது, அந்தத் தாடிக்காரனோட குள்ளருக்கு ஒரு பழிப் புஸ்தகம் உண்டாமே, யாரு எப்ப என்ன கெடுதல் பண்ணினான்னு தலைமுறை தலைமுறையா எழுதி வப்பாங்களாமே. இதுல என்ன அதிசயம்? நம்ம பங்காளி வீட்டுலயும் இருக்கு. எழுதலை, அம்புட்டுத்தான் வித்தியாசம்.

நாலாவது, கண்ணளவு. போன ஞாயித்துக்கிழமை கல்லெறிக் கவண வச்சு என்ன கூத்து அடிச்ச! இந்தப் பதிப்புல தூரத்த அளக்காம மொதல்ல வாயால சொல்லணும், பெறகுதான் டேப்பு. நீ மோட்டுவளையப் பாத்துட்டு ‘நாப்பது’ங்க. நான் ஒன் காலச் சுரண்டுனது எதுக்கு? மேசை அகலம் நாலடி, 48 அங்குலம். ஒன் கவண் ஒன் ஓரத்துல இருந்து 4 அங்குலம் உள்ள. தாடிக்காரன் ஆளுக அவன் ஓரத்துல இருந்து 10 அங்குலம் உள்ள. நேர் எதிரு வேற. கழிச்சுப் பாருலே, முப்பத்து நாலு! நீ சொன்ன, டேப்பப் போட்டா அச்சு அசலு. செதறல் பகடையில ஆறு பக்கத்துல ரெண்டு பக்கம்தான் குறி, அதுவும் விழுந்துச்சு. தாடிக்காரன் ஒன்னப் பாக்கல, என்னையப் பாத்தான். அடுத்த சுத்துல கவணே ஒடிஞ்சு விழுந்துச்சு, அது வேற. வெள்ளாமைன்னா அப்பிடித்தான், ஒரு வருசம் களம் நெறையும், மறு வருசம் களமே வெள்ளத்துல போகும். அதுக்காகப் பகடையத் தூக்கி எறியாத. சோபாவுக்கு அடியில கையவிட்டு எடுத்தது நானு.

அஞ்சாவது, கைவேலை. அன்னைக்குத் தூறல்ல கொல்லக் கதவுகிட்ட நின்னு கருப்புப் பூச்ச ஸ்ப்ரே அடிச்சியே, இருபது கோப்ளினுக்கும் மூஞ்சியெல்லாம் மணல் தூவுனாப்புல ஆயிப்போச்சு. ஈரக் காத்துல அடிக்கக் கூடாதுன்னு டப்பாவுலயே எழுதியிருக்கான், நீ படிக்கல. செவுத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கதுக்கே நாங்க வெயில் பாப்போம். பெயிண்ட அப்பாத; தண்ணி கலந்து ரெண்டு தடவை பூசு. கெட்டியாப் பூசுனா மூக்கும் தெரியாது, முழியும் தெரியாது. காஞ்ச பெறகு அந்தப் பழுப்பு மைய ஓட விடு, அது தானாப் பள்ளத்துல போயி நிக்கும். அப்புறம் தூரிகையத் துணியில தொடைச்சு, ஒட்டியும் ஒட்டாம மேட்டுல மட்டும் ஒரு தட்டு. மை பள்ளத்தக் காட்டும், தட்டு மேட்டக் காட்டும். இருபதையும் ஒண்ணா எடுத்து மலைக்காத, அஞ்சஞ்சா உக்காத்தி வை. முன் வரிசைக்கு மட்டும் கண்ணு எழுது. பின் வரிசைக்காரன் மூஞ்சிய பந்தியில எவன் பாக்கான்? ஈட்டி ஒண்ணோட ஒண்ணு இடிக்கும், அதனால எவன் எங்க நிக்கான்னு அடிப்பலகையில நம்பர் எழுதி வச்சுரு. இல்லன்னா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பஸ்ஸுல சீட்டுப் பிடிச்ச மாதிரி அரைமணி நேரம் மல்லுக்கட்டுவ.

கடைசியா ஒண்ணு. புதுப் பதிப்பு வந்துருச்சு, புதுப் பொட்டி வந்துருச்சுன்னு பறக்காத. அந்தப் பழைய வார்ஹேமர் உலகத்தையே கதையில பிரளயம் வரவச்சு அழிச்சுட்டு, 2015-ல வேற உலகத்த ஆரம்பிச்சாங்க, சதுர அடிப்பலகை போயி வட்டமாச்சுன்னு நீதான் சொன்ன. ஆளுக்காளு தலையில அடிச்சுக்கிட்டாங்களாம். 2024-ல ‘ஓல்ட் வேர்ல்ட்’னு அதே உலகம் திரும்பி வந்துச்சு. நடுவுல ஒன்பது வருசம். அந்தத் தாடிக்காரன் என்ன பண்ணினான்? அவன் பாட்டுக்குத் தன்னோட பழைய குள்ளரோட, பழைய புஸ்தகத்தோட ஆடிக்கிட்டே இருந்தான். சீமையில நெல்லு வெல ஏறுதா எறங்குதான்னு குதிருக்குள்ள இருக்க நெல்லுக்குத் தெரியாது. ஆனா குதிருல நெல்லு இருக்கணும்லே! ஒன் குதிருல பிரிக்காத பொட்டில்லா இருக்கு. வண்ணம் அடிச்சதுதான் படை, பிரிக்காதது கடன்.

அந்தா, மொத விசில். சீக்கிரம் கூலியப் பேசிருவோம்.

பணம் காசு வேண்டாம். அந்தக் குண்டு சுத்துத ஃபனாடிக் மூணு வச்சிருக்கல்ல? அதுல ஒண்ணு எனக்கு. ஊருக்குப் போகையில வெத்தலப் பொட்டிக்குள்ள வச்சுக் கொண்டு போவேன். எது வேணும்னா? கருப்பு அங்கி போட்ட மத்த ரெண்டும் ஒனக்கு. மூணாவது ஒருத்தன், வெள்ளை வேட்டி, செவப்புத் துண்ட முண்டாசாக் கட்டிக்கிட்டு நிக்கான்ல? ‘இத யாரு அடிச்சா’ன்னு கேக்காத. ராத்திரி குளிருல தூக்கம் வரல, ஒன் தூரிகை மேசை மேல கெடந்துச்சு. கண்ணு ரெண்டும் சரியா விழுந்திருக்கா பாரு.

ரெண்டாவது விசில். தருவியா? தலைய ஆட்டுனாப் பத்தாது, வாயால சொல்லு. ஆங், நல்ல பய.

மூணாவது விசிலும் ஆச்சு. வா, சாப்புடப் போவோம். கைய நீட்டி என்னைத் தூக்கி விடு. அப்புறம் ஒரு விசயம். பன்னெண்டாவது பொட்டி வாங்குததுக்கு முன்னால அந்த ஏழையும் பிரிச்சு அடிச்சு முடிக்கணும்னு உத்தரவு. என் உத்தரவு இல்லலே. எண்ணிப் பாத்தாச்சுன்னு சொன்னேனே தவிர, எண்ணினது நான்னு சொன்னேனா? முட்டி மடக்கிக் கட்டிலுக்கு அடியில நுழைஞ்சு எண்ணுத வயசா எனக்கு? ஒம் பொண்டாட்டிதான் போன வாரமே கூட்டுமாத்தோட வந்து எண்ணிட்டுப் போனா. ஒனக்குப் பக்குவமா எடுத்துச் சொல்லச் சொல்லி எனக்குத் தெனமும் ரெண்டாவது காப்பி, சீனி போட்டு.

மொறைக்காத. சுத்துதவன் ரெண்டு பக்கமும் அடிப்பான், தள்ளி நில்லுன்னு நான் முன்னமே சொன்னேனா இல்லியா?