காசியப்பன் சஞ்சிகை: வாசகர் கடிதம் 685

மாத்தளை மாவட்டத்தில் அதிக காலம் ஓடிய சஞ்சிகைக்கு அச்சகம் இல்லை, சந்தா இல்லை. அறுநூறு அடி உயரத்தில் ஒரு கல், அதுதான் காரியாலயம். பெயர் சிகிரியா.

நிறுவனர் மன்னன் காசியப்பன், இந்தத் துறைக்கு வருவதற்கு முன் பார்த்த வேலை பெற்ற தகப்பனைச் சுவரோடு வைத்துப் பூசியது. தகப்பன் தாதுசேனனிடம் “சொத்தெல்லாம் எங்கே?” என்று கேட்டிருக்கிறார்கள். மனுசன் தான் கட்டிய கலாவாவிக்குப் போய், தண்ணீரைக் கையில் அள்ளி, “இவ்வளவுதான்” என்றாராம். குளம் கட்டியவனுடைய பெருமை குளத்தில்தான் இருக்கும். மகனுக்கு அது நக்கலாகப் பட்டது. பட்டத்துக்கு உரிய தம்பி முகலன் உயிர் தப்பி இந்தியாவுக்குப் போனான். அவன் எப்போது திரும்புவானோ என்ற பயத்தில் காசியப்பன் அனுராதபுரத்தை விட்டுவிட்டுக் கல்லின் மேல் ஏறினான். இப்படிப்பட்ட ஆளிடம் கலையுணர்ச்சி இருந்திருக்கக் கூடாது. இருந்தது, என்ன செய்ய.

கி.பி. 477இலிருந்து 495 வரை, பதினெட்டு வருசம். மூன்றாவது இதழோடு மூச்சை விடும் நம்முடைய சிறுபத்திரிகைக்காரர்கள் இதைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள். அட்டைப்படத்துக்குப் பெண்கள்: இடுப்புக்கு மேலே நகையும் பூவும், கீழே மேகம். ஐந்நூறு பேர் இருந்ததாகப் பின்னாளில் ஒரு வாசகர் எழுதி வைத்தார். இன்று மிஞ்சியிருப்பவர்கள் இருபது பேரளவில். அதில் ஒருத்திக்குக் கை ஒன்று கூடுதல். ஓவியர் முதலில் ஒரு மாதிரி வரைந்து, பிடிக்காமல் வேறு மாதிரி வரைந்திருக்கிறார். அழித்தது காலப்போக்கில் வெளியே தெரிந்துவிட்டது. பிழைதிருத்தம் பார்ப்பவர் அன்றைக்கு லீவு போலும்.

படத்தின் கீழ் விளக்கம் போடாமல் விட்டதில் இன்னொரு வினை. பூத்தட்டோடு விகாரைக்குப் போகும் அரண்மனைப் பெண்கள் என்றார் தொல்லியல் ஆணையாளர் பெல். அப்சரஸ்கள் என்றார் கலை வரலாற்றாளர் ஆனந்த குமாரசுவாமி. மேகமும் மின்னலும் பெண்ணுருவில் வந்திருக்கின்றன என்றார் தொல்லியலாளர் பரணவிதான. பெண்கள் ஒன்றும் சொல்லவில்லை.

சஞ்சிகை நின்ற விதம் தனிக்கதை. முகலன் படையோடு வந்தான். காசியப்பன் கல்லை விட்டிறங்கிப் போருக்குப் போனான். வழியில் சேற்று நிலம். யானை சற்றே திரும்பியது. அரசன் ஓடுகிறான் என்று நினைத்துப் படை அவனை முந்திக்கொண்டு ஓடிவிட்டது. காசியப்பன் கத்தியால் தன் கழுத்தை அறுத்து, அந்தக் கத்தியை உயர்த்திக் காட்டி, திரும்ப உறையில் போட்டான் என்று பழைய வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. எடுத்த சாமானை எடுத்த இடத்தில் வைக்கிற பழக்கம் தகப்பனிடமிருந்து வந்திருக்கலாம்.

முகலன் இடத்தைப் பிக்குமாருக்குக் கொடுத்தான். காரியாலயம் மடமானது. உண்மையான சஞ்சிகை அதற்குப் பிறகுதான் தொடங்கியது என்பது என் கட்சி. மேலே ஏறும் பாதையோரம் சுண்ணச்சாந்து பூசி முகம் தெரிகிற மாதிரி மினுக்கிய கண்ணாடிச் சுவர் ஒன்று இருந்தது. எட்டாம் நூற்றாண்டிலிருந்து பத்தாம் நூற்றாண்டு வரை படம் பார்க்க வந்தவர்களெல்லாம் அதில் சிங்களத்தில் கவிதை கீறினார்கள். பரணவிதான 685 கவிதைகளைப் படித்தெடுத்து 1956இல் இரண்டு பெரிய பாகங்களாக வெளியிட்டார். துருக்கியில் ஓவுஸ் ஆரல் 1972இல் ‘கிர்கிர்’ என்ற சிரிப்புப் பத்திரிகையைத் தொடங்கி, வாசகர் அனுப்பிய கத்துக்குட்டிப் படங்களைப் போட்டுப் போட்டே ஒரு தலைமுறைக் கேலிச்சித்திரக்காரர்களை உருவாக்கினார். அவருக்கு ஆயிரம் வருசம் முந்தியே நம்மிடம் அந்த வாசகர் பக்கம் இருந்தது. திருத்துவதற்குத்தான் ஆசிரியர் இல்லை.

கடிதங்களில் நிறையப் புலம்பல். இவ்வளவு தூரம் ஏறி வந்தோம், ஒரு வார்த்தை பேசக் கூடாதா என்று சுவர்ப் பெண்களிடம் கெஞ்சுகிறார்கள். மனைவிமாரும் வந்தார்கள். ஒருத்தி, இந்த மான்விழிக்காரியைப் பார்க்கவே எரிச்சல் வருகிறது என்று எழுதிவிட்டு, தான் இன்னாருடைய மனைவி என்றும் கையெழுத்துப் போட்டாள். புருசனுக்கும் சேர்த்துத்தான் அந்தக் கையெழுத்து. எனக்குப் பிடித்தவர் புதல் என்ற ஆள்: கூட்டத்தோடு வந்தேன், எல்லாரும் கவிதை எழுதினார்கள், ஆகவே நான் எழுதவில்லை என்று எழுதினார். இலக்கியக் கூட்டங்களில் பின்வரிசையில் இருப்பாரே, அவர்தான்.

எழுதியவர்களில் பலர் பெயரும் ஊரும் தொழிலும் போட்டிருக்கிறார்கள். படத்தை வரைந்தவர் பெயர் மட்டும் எங்கும் இல்லை. விமர்சகர் நிலைப்பார், கலைஞர் காணாமல் போவார் என்ற நடைமுறை நேற்று வந்ததல்ல.

1967இல் யாரோ விசமிகள் இரவில் ஏறி ஓவியங்களின் மேல் பச்சைச் சாயத்தைப் பூசினார்கள். துடைத்தெடுக்க இத்தாலியிலிருந்து நிபுணர் வர வேண்டியிருந்தது. அதற்கப்புறம் வாசகர் பக்கத்தில் கெடுபிடி. 2015இல் சுற்றுலா வந்த ஓர் இளம்பெண் கண்ணாடிச் சுவரில் தன் பெயரைக் கீறினாள். பழைய கிறுக்கல்களைக் காப்பாற்றப் புதிய கிறுக்கலைத் தடுக்கத்தான் வேண்டும், அதில் வாதமில்லை. தம்புள்ளை நீதிமன்றம் இரண்டு வருசச் சிறைத் தண்டனை விதித்தது. ஜனாதிபதி மன்னிப்புக் கொடுத்த பிறகுதான் அவள் வீட்டுக்குப் போனாள். கவிதைகூட எழுதவில்லை, பாவம்.