அப்பா, சாவி எங்கே?

சென்ற இதழில் வாசகர் ஒருவர், "வளர்ந்த பிள்ளையிடம் காரைக் கொடுக்கலாமா?" என்று கேட்டிருந்தார். "கொடுக்கலாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்தால் தமிழ்நாட்டில் சொத்துத் தகராறுக்கு அடுத்தபடி சாவித் தகராறுதான் போலிருக்கிறது. ஆகவே இந்த இதழ் முழுக்கக் கார். அரசியல் கேள்வி அனுப்பியவர்கள் பொறுத்தருள்க. அது எங்கேயும் ஓடிப்போகாது.

ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், திருவானைக்காவல்

என்னிடம் 1986 மாடல் பிரீமியர் பத்மினி இருக்கிறது. சிங்கிள் ஓனர். மகனுக்கு 29 வயது, பெங்களூரில் வேலை, சொந்தமாக ஆட்டோமேட்டிக் கார் வைத்திருக்கிறான். பொங்கலுக்கு வரும்போது பத்மினியைக் கல்லணை வரை எடுத்துப் போகிறேன் என்கிறான். கொடுப்பதா, வேண்டாமா?

கொடுங்கள். ஆனால் பொங்கலன்று கொடுக்காதீர்கள்.

சட்டத்தின் கண்ணுக்கு உங்கள் மகன் முழு ஓட்டுநர். நம் லைசென்ஸில் ஆட்டோமேட்டிக் கார் வேறு, கியர் கார் வேறு என்ற பிரிவே கிடையாது. பத்மினியின் கண்ணுக்கோ அவர் இன்னும் எல்.எல்.ஆர். கூட எடுக்காதவர். அவர் காரில் பட்டனை அமுக்கினால் போதும். உங்கள் வண்டியில் காலையில் சோக்கை இழுக்க வேண்டும்; எவ்வளவு நேரம் இழுத்து வைப்பது என்பது உங்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியம். கொஞ்சம் அதிகமானால் ஓவர்ஃப்ளோ ஆகி, பெட்ரோல் வாடை கூடம் வரைக்கும் வரும். கியர் தேடி அவர் கை தொடைப் பக்கம் போகும். அது ஸ்டீயரிங்குக்கு அடியில் இருக்கிறது. பவர் ஸ்டீயரிங் இல்லாததால் நின்ற இடத்திலேயே ஒடித்துத் திருப்பினால் தோள்பட்டை இறங்கிவிடும்.

இதெல்லாம் தமாஷ். பிரேக்தான் விஷயம். அவர் வண்டியில் ஏ.பி.எஸ். உண்டு, குறுக்கே மாடு வந்தால் ஓங்கி மிதித்துவிட்டு, திருப்பவும் செய்யலாம். பத்மினிக்கு நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி தன் பாட்டுக்கு நேராக வழுக்கும். முன்னால் போகிற வண்டிக்கும் தனக்கும் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதை அவர் முதலிலிருந்து கற்க வேண்டும். கல்லணைப் பக்கத்துக் கரைச் சாலையோ குறுகல். பொங்கலன்று அதில் கரும்புக் கட்டும் மொபெட்டும் கொம்புக்குச் சாயம் பூசிய மாடும் ஒன்றாக வரும். உங்கள் மாடலில் ஏர்பேக் கிடையாது. சீட் பெல்ட் நீங்களாகப் பொருத்தியிருந்தால்தான் உண்டு. இல்லையென்றால் மகன் வருவதற்குள் பொருத்திவிடுங்கள்.

அதனால் போகிக்கு முன்பே இரண்டு மூன்று விடியற்காலை பக்கத்தில் உட்கார்ந்து ஓட்ட வையுங்கள். பானெட்டைத் திறந்து காட்டுங்கள். வெயிலில் நின்றுபோய்க் கிளம்ப மறுத்தால் பெட்ரோல் பம்ப்பின் மேல் ஈரத்துணி சுற்றி ஆற விட வேண்டும் என்பதை எந்த யூடியூபும் உங்களைப் போலச் சொல்லித் தராது. 15 வருடம் தாண்டிய வண்டிக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், அந்தத் தேதியைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். அவரை போலீஸ் நிறுத்தி, உங்கள் மறதிக்கு அவர் அபராதம் கட்டக் கூடாது.

இன்னொன்று: பக்கத்து சீட்டில் உட்கார்ந்து காலால் தரையை மிதிக்காதீர்கள். அங்கே பிரேக் இல்லை.

மருமகள், விருதுநகர்

என் மாமனார் காரை டிரைவரிடம் தாராளமாகக் கொடுக்கிறார். பெற்ற மகனிடம் தருவதில்லை. இது என்ன நியாயம்?

டிரைவர் இடித்தால் அது ஒரு கீறல். மகன் இடித்தால், அவர் எட்டாம் வகுப்பில் கணக்கில் 34 வாங்கியதிலிருந்து எல்லாம் வெளியே வரும். மாமனார் காரைப் பற்றிப் பயப்படவில்லை அம்மா, தன் வாயைப் பற்றிப் பயப்படுகிறார்.

பெயர் வேண்டாம், மகன் இந்தப் பத்திரிகை படிக்கிறான், ஈரோடு

பையனுக்கு 17 வயது 11 மாதம். என்னைவிட உயரம். எங்கள் தெருவுக்குள் மட்டும் ஓட்டட்டுமா?

கூடாது. உயரத்தை வைத்து லைசென்ஸ் கொடுக்கும் ஆர்.டி.ஓ. அலுவலகம் ஈரோட்டில் மட்டுமல்ல, எங்குமே இல்லை. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவைப் படியுங்கள். சிறுவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றவர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. ஒரு மாதம் பொறுக்காமல் ஏழு வருடம் பஸ்ஸில் போகப்போகிறாரா என்று மகனிடமே கேளுங்கள். படிக்கிறார் என்றீர்களே, இந்தப் பக்கத்தை மடித்து வைத்தாலே போதும்.

எம்.ஏ. தமிழ் மாணவர், மதுரை

பாரி வள்ளல் முல்லைக்கொடிக்கே தேரைக் கொடுத்தான். என் அப்பா எனக்கு மாருதி 800-இன் சாவியைக்கூடக் கண்ணில் காட்டுவதில்லை!

முல்லை அந்தத் தேரை எடுத்துக்கொண்டு இரவு பதினொரு மணிக்குப் புரோட்டா சாப்பிடப் போகவில்லை. நிறுத்திய இடத்தில் நின்றது, பெட்ரோல் கேட்கவில்லை, நண்பர்களை ஏற்றவில்லை. தவிர, பாரிக்கு 300 ஊர் இருந்தது; உங்கள் அப்பாவுக்கு அந்த ஒரு கார்தான். அந்த மாடலும் 2014-இல் நின்றுபோனது.

இலக்கியத்தை இழுத்தீர்கள் என்றால் திருவாரூருக்கும் போக வேண்டிவரும். இளவரசன் தேர் ஓட்டிப் போனான், கன்றுக்குட்டி குறுக்கே வந்தது. பிறகு மனுநீதிச் சோழன் என்ன செய்தான் என்பது உங்கள் பாடத்திலேயே இருக்கும். அந்தச் சோழனுக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தில் சிலையும் வைத்திருக்கிறார்கள். சாவி தராத அப்பா அவரைவிட எவ்வளவோ மேல்.

மகள், கோயம்புத்தூர்

தம்பிக்கு 21 வயது. அவனிடம் காரைத் தருகிறார். எனக்கு 25, ஐந்து வருடமாக லைசென்ஸ் இருக்கிறது. "உனக்கு எதுக்கும்மா, நான் கொண்டுவந்து விடறேன்" என்கிறார் அப்பா.

இவ்வளவு பாசமாக மறுத்தால் சண்டை போடவும் முடியாது, அதுதான் அப்பாக்களின் சாமர்த்தியம். எந்த ஊரிலிருந்து இதைக் கேட்கிறீர்கள் பாருங்கள்! ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் உங்கள் ஊர். அவர் அப்பாவும் ராலி ஓட்டியவர்தான். செட்டிபாளையத்தில் பந்தயப் பாதை, அவிநாசி சாலையில் ஜி.டி. கார் மியூசியம். "பெண்ணுக்கு எதற்கு" என்றால், சென்னையின் அலிஷா அப்துல்லா பைக், கார் இரண்டிலும் பந்தயம் ஓட்டியவர். அவருக்கும் அப்பா பந்தய வீரர்.

பேச்சில் ஜெயிக்கப் பார்க்காதீர்கள். காரைச் சுற்றி ஒரு நடை நடந்து, எந்தெந்தக் கீறல் எந்தத் தேதியில் யார் ஓட்டியபோது வந்தது என்று ஒரு தாளில் எழுதி, அப்பாவின் காபி டம்ளருக்குப் பக்கத்தில் வையுங்கள். உங்கள் பெயர் அதில் இருக்காது. இருக்க வழியே இல்லையே.

மளிகைக் கடை உரிமையாளர், தென்காசி

மகன் ஓட்டி இடித்தால் இன்சூரன்ஸ் பணம் வருமா?

முழு பாலிசியாக இருந்து, மகனிடம் செல்லுபடியாகும் லைசென்ஸும் இருந்தால் வரும். எல்.எல்.ஆர். மட்டும் என்றால் 'எல்' போர்டும், பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஆளும் வேண்டும். குடித்துவிட்டு ஓட்டினால் வண்டிச் சேதத்துக்கு ஒரு பைசா வராது.

பலரும் கவனிக்காத இரண்டு கணக்கு உண்டு. முதலாவது, இடித்தது மகன் என்றாலும் போவது உங்கள் போனஸ். ஐந்து வருடம் க்ளெய்ம் வாங்காமல் இருந்தால் சொந்தச் சேத பிரீமியத்தில் 50 சதவீதம் வரை தள்ளுபடி. ஒரே ஒரு க்ளெய்மில் அது பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். பம்பர் ஒடுங்கியதற்கெல்லாம் க்ளெய்ம் போடாமல், டிங்கரிங் கடையில் என்ன கேட்கிறார்கள் என்று விசாரித்துக் கூட்டிக் கழித்துப் பாருங்கள். கடைக்காரர், உங்களுக்குக் கணக்கு சொல்ல வேண்டாம். இரண்டாவது, பாலிசியோடு வரும் 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு உரிமையாளரான ஓட்டுநருக்கு, அதாவது உங்களுக்கு மட்டும். மகன் ஓட்டினால் அவருக்கு அது இல்லை. அவர் பெயரில் தனியாக ஒரு விபத்து பாலிசி எடுத்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள். காருக்கு பம்பர் கார்டு வாங்கும் ஆட்கள் இதை மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு உரிமையாளர், சென்னை

என் அப்பா வாங்கிய கார். வண்டலூர் தொழிற்சாலையில் செய்தது. மகன் தன் நண்பனின் மாப்பிள்ளை அழைப்புக்கு அதைக் கேட்கிறான்.

ஹெரால்டா! முன் மட்கார்டோடு சேர்ந்து மூக்கு முழுவதும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்குமே, அந்த அழகுக்கே மாப்பிள்ளையை விட்டுவிட்டுக் கூட்டம் காரைப் பார்க்கும்.

மகனை நம்பலாம், மாப்பிள்ளை அழைப்பை நம்ப முடியாது. நாதஸ்வரத்துக்குப் பின்னால் முதல் கியரில், அரை கிளட்ச்சில் ஊர்ந்தால் எதிர்காற்றே கிடைக்காது. ரேடியேட்டர் கொதிக்கும், கிளட்ச் பிளேட் கருகும். அலங்காரம் செய்கிற பையன்கள் செலோ டேப்பைப் பெயின்ட் மேலேயே ஒட்டுவார்கள். மறுநாள் உரிக்கும்போது அப்பா அடித்த பெயின்ட்டும் சேர்ந்து வரும். ஊர்வலம் வேண்டாம், மண்டப வாசலில் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக் கொடுங்கள். ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள்: 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் வந்த விதிப்படி விண்டேஜ் பதிவு வாங்கியிருந்தால், அதைக் கண்காட்சி, ராலி போன்றவற்றுக்குத்தான் வெளியே எடுக்கலாம். கல்யாணம் அந்தப் பட்டியலில் இல்லை.

தனியார் நிறுவன ஊழியர், நாமக்கல்

மகன் நாலு நண்பர்களோடு கொல்லிமலை போகக் காரைக் கேட்கிறான்.

காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது பிள்ளைகள் ஜாக்கிரதையாகத்தான் இருப்பார்கள். இறங்கும்போதுதான் நியூட்ரலில் விட்டுப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்பார்கள். பிரேக் சூடேறி வேலை செய்யாமல் போவது அப்போதுதான். இரண்டாவது கியரில் ஏறினால் இரண்டாவது கியரிலேயே இறங்க வேண்டும், ஏறிவரும் வண்டிக்கு வழிவிட வேண்டும். ஒருமுறை அவரோடு நீங்கள் போய்வாருங்கள். அடுத்த முறை நண்பர்கள் போகட்டும். ஸ்டீயரிங் வேறு யார் கைக்கும் மாறக் கூடாது என்பதை அந்த நால்வரும் காது கேட்க நிற்கும்போது சொல்லுங்கள். தனியாகச் சொன்னால் மலையடிவாரத்திலேயே மறந்துவிடும்.

பக்தர், வியாசர்பாடி

பாடிகார்டு முனீஸ்வரர் கோயிலில் பூஜை போட்டு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றியாகிவிட்டது. இனிமேல் மகனிடம் கொடுக்கலாம்தானே?

முனீஸ்வரர் வண்டியைப் பார்த்துக்கொள்வார். மகன் கையிலிருக்கும் செல்போனை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு சினிமா ரசிகர், திருச்சி

எம்.ஆர். ராதா தன் இம்பாலா காரில் வைக்கோல் ஏற்றினார் என்பார்களே. காரைப் பொத்திப் பொத்தி வைப்பவர்களுக்கு அது பாடம் இல்லையா?

பாடம்தான். ஆனால் அவர் ஏற்றியது தன் காரில், தன் வைக்கோலை. உங்கள் அப்பாவின் காரில் நீங்கள் ஏற்றுவதற்கு அந்தக் கதையில் இடமில்லை.

அஞ்சல் துறை, ஓய்வு, காரைக்குடி

மகன் காரைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டான். இடது பின்கதவில் ஒரு முழ நீளக் கீறல். "பார்க்கிங்கில் ஏதோ ஆட்டோ உரசியிருக்கும்" என்கிறான். நம்புவதா?

வெளிச்சத்தில் குனிந்து பாருங்கள். கீறலுக்குள் மஞ்சள் பெயின்ட் ஒட்டியிருந்தால் ஆட்டோ. வெள்ளைச் சுண்ணாம்பு இருந்தால் உங்கள் வீட்டு கேட் தூண். எழுந்து போய்த் தூணையும் பாருங்கள், அங்கே காரின் நிறம் இருக்கும். இடது பின்கதவு என்கிறீர்கள், அநேகமாகத் தூண்தான். முன்பக்கம் நுழைந்ததும் வண்டியே நுழைந்துவிட்டது என்று நினைத்துச் சீக்கிரம் ஒடித்திருக்கிறார்.

ஆட்டோ என்றால் டச்சப் செய்துவிட்டு மறந்துவிடுங்கள். தூண் என்றாலும், "அப்பா, நான்தான் இடிச்சிட்டேன்" என்று வந்து சொல்லியிருந்தால் அன்றைக்கே சாவியைத் திருப்பிக் கொடுக்கலாம் என்பேன். கீறலை டிங்கரிங் கடையில் சரிசெய்துவிடலாம். ஆனால் நாளைக்கு ரோட்டில் யார் மேலாவது இடித்தாலும் இதே பிள்ளை நிறுத்தாமல் வந்து "ஆட்டோ" என்பாரே, அதற்கு எந்தக் கடை இருக்கிறது? இரண்டு மாதம் சாவி கிடையாது. செலவு அவர் சம்பளத்தில்.

76 வயது இளைஞர், பாளையங்கோட்டை

எல்லாரும் மகனிடம் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். என் கதை தலைகீழ். நான் வாங்கிய காரின் சாவியை மகன் எடுத்து வைத்துக்கொண்டு, "நீங்க ஓட்ட வேணாம்ப்பா" என்கிறான். என்ன செய்வது?

இதுவரை அப்பாக்களுக்குச் சொன்னதையெல்லாம் உங்கள் மகனுக்குச் சொல்கிறேன்: வயதைப் பார்த்து மறுக்காதே, ஓட்டுவதைப் பார்த்து முடிவு செய். சட்டமும் அப்படித்தான். 55 வயதுக்கு மேல் லைசென்ஸை 5 வருடத்துக்கு ஒருமுறை மருத்துவச் சான்றிதழோடு புதுப்பித்துக்கொண்டே போகலாம். இத்தனை வயதோடு நிறுத்து என்று சொல்லவில்லை.

நீங்கள் கண் டாக்டரிடம் போய்க் கண்புரையும் பக்கவாட்டுப் பார்வையும் பரிசோதித்துவிட்டு வாருங்கள். பிறகு மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பகலில் ஒரு முறை ஓட்டிக் காட்டுங்கள். தூணில் உரசினால் நீங்களே இறங்கிச் சொல்லிவிடுங்கள். சரியாக ஓட்டினால், சாவி உங்களுடையது. இரவில் மட்டும் மகன் ஓட்டட்டும்.

அடுத்த இதழுக்கு எந்தக் கேள்வியும் அனுப்பலாம். ஆர்.சி. புத்தகத்தின் நகலை இணைத்து "நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்" என்று மட்டும் யாரும் அனுப்ப வேண்டாம்.