விருதுநகரின் வராக்கடன்

எங்கள் விருதுநகரில் எதுவும் விளையாது. ஆனால் மிளகாய்க்கும் உளுந்துக்கும் விலை இங்கேதான் பிறக்கும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கொள்முதல் விலையைச் சொல்லாத ஊர். இப்பேர்ப்பட்ட ஊரில், சுலோசனா நாடார் தெருவில் ஒரு சின்ன வீடு மட்டும் கணக்கில் உதைத்துக்கொண்டே இருந்தது.

1903இல், ஊர் இன்னும் விருதுப்பட்டியாக இருந்தபோது, அந்தக் குடும்பத்துக்கு ஒரு வரவு. காமாட்சி என்று பேர் வைத்து, அம்மா ‘ராஜா’ என்று கொஞ்ச, இரண்டும் கலந்து காமராஜ் ஆனது. வீட்டுக்கு வீடு பிடி அரிசி வாங்கி நடத்திய சத்திரிய வித்தியாசாலையில் பையனைச் சேர்த்தார்கள். ஊர் அரிசியில் படித்தும் படிப்பு பாதியில் நின்றது. முதல் நஷ்டம்.

கடையிலாவது தேறுவான் என்று மாமா கருப்பையா நாடாரின் ஜவுளிக்கடையில் உட்கார வைத்தார்கள். பொதுக்கூட்டம் என்று காதில் விழுந்தால் போதும், துணியை அப்படியே போட்டுவிட்டு ஓட்டம். பொறுத்துப் பார்த்துத் திருவனந்தபுரத்தில் இன்னொரு மாமாவின் மரக்கடைக்கு அனுப்பினார்கள். அந்தப் பக்கம் வைக்கம் போராட்டம் சூடாக இருந்த நேரம். குடிகாரனைத் திருத்தச் சாராயக்கடைக்கு எதிர்வீட்டில் குடிவைத்த கதைதான். சரக்கு அப்படியே திரும்பி வந்தது. கல்யாணம் பேசினார்கள்; அதுவும் படியவில்லை.

1941இல், விடுதலைப் போராட்டத்தில் இறங்கிச் சிறையில் இருந்தவரை நகராட்சித் தலைவர் ஆக்கினார்கள். வெளியே வந்தார், பதவி ஏற்றார், அதே சூட்டில் ராஜினாமாவும் கொடுத்தார். பிற்பாடு அவர் முதலமைச்சர் ஆனதும், அதே நகராட்சி ஆசையாக அவருடைய அம்மா சிவகாமி அம்மாள் வீட்டுக்குத் தனிக் குழாய் போட்டதாம். கேள்விப்பட்டவர் பிடுங்கச் சொல்லிவிட்டாராம். செலவுக்கு மாதம் 120 ரூபாய், அவ்வளவுதான் என்றும் சொல்வார்கள். பெற்ற அம்மா என்ன திட்டியிருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். அச்சில் ஏற்ற முடியாது.

பிடி அரிசிக் கடனை 1956இல் பள்ளிக்கூடத்து மதிய உணவாக வட்டியோடு அடைத்துவிட்டார் என்று வாதாடலாம். ஊர் அதையெல்லாம் பற்றில் வைத்ததா, வரவில் வைத்ததா தெரியாது. 1967 தேர்தலில் மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் 1285 வாக்கில் அவரைத் தோற்கடித்துக் கணக்கை முடித்தது. சில்லறை வித்தியாசம்தான். ஆனால் எங்கள் ஊரில் சில்லறையைத்தான் ரெண்டு தரம் எண்ணுவோம்.

1975இல் கண்ணை மூடியபோது சென்னையில் அவர் இருந்ததும் வாடகை வீடு. அதுவும் நினைவு இல்லம், சுலோசனா நாடார் தெரு வீடும் நினைவு இல்லம். சிவகாசிக்கு வெடி வாங்கப் போகிறவர்கள் வழியில் இங்கே எட்டிப் பார்க்கிறார்கள். சுவர் நிறையப் படங்கள். நகைப்பெட்டி எங்கே, இரும்புப்பெட்டி எங்கே என்று கண் தானாகத் தேடும். உள்ளூர் வியாபாரி நுழைந்தால் வேறு கணக்கு ஓடும்: நல்ல இடம், குடோனுக்காவது விட்டிருக்கலாம்.