ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பயிற்சி

நைனார்பாளையத்துக்காரன் லேசில் ஏமாற மாட்டான். மரவள்ளி லோடு ஏற்றினால், ஆலையில் மாவு பாயிண்ட் பார்க்கிறவனிடம் அரைப் புள்ளிக்கு மல்லுக்கு நிற்பான். அதே ஆள்தான், 'தாய்லாந்தில் கஸ்டமர் சர்வீஸ் பயிற்சி வேலை, சாப்பாடு ரூம் ஃப்ரீ' என்று வாட்ஸ்அப்பில் வந்தால் தோட்டை அடகு வைத்துப் பெட்டி கட்டுகிறான். கையில் டூரிஸ்ட் விசா. ஏன் என்று கேட்டால், "போனதும் மாத்திக் குடுப்பாங்களாம்ணே."

பயிற்சி நிஜம்தான். பாங்காக்கில் இறக்கி, மேசோட் வரை வண்டி, மோய் ஆற்றைத் தாண்டினால் மியான்மரின் மியாவாடி. அங்கே மீசைக்காரன் அழகியாகிவிடுவான். முகம் தெரியாத அமெரிக்கரிடம் காதல் வளர்த்து, கிரிப்டோவில் பணம் போட வைக்க வேண்டும். வாடிக்கையாளர் சேவை! மறுத்தால் அடி. 2022 அக்டோபரில் 13 தமிழர்கள் மீண்டு சென்னை வந்தார்கள். 2025 மார்ச்சில் விமானப்படை விமானமே மேசோட்டுக்குப் போய் நூற்றுக்கணக்கான இந்தியர்களை அள்ளி வந்தது. டிக்கெட் இலவசம் என்று ஏஜென்ட் சொன்னது அந்த அளவில் பலித்தது.

பதிவு பெற்ற ஏஜென்ட் சட்டப்படி வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான், ரசீதும் உண்டு. நம் ஆளுக்கு அங்கேதான் சந்தேகமே வரும்: "இவ்ளோ கம்மியா கேக்கறானே, நல்ல வேலையா இருக்குமா?"